மாத்திரை தூங்க வைத்தது, பேச்சு குனிய வைத்தது

முதுகுவலிக்கு மனநலப் பிரிவில் சிகிச்சை எடுக்கிறேன் என்று சொன்னால் தாண்டிக்குடிப் பக்கம் இன்னும் பலர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "உனக்கு அப்படி என்னம்மா மனக்கஷ்டம்?" என்று கேட்பவர்களும் உண்டு. மனக்கஷ்டம் இருந்தது உண்மைதான். ஆண்டுக்கணக்கில் வலியோடு படுத்து வலியோடு எழுகிற யாருக்குத்தான் அது இருக்காது? ஆனால் நான் அங்கே போனது முதுகுக்காக. போனதால் முதுகு தேறியிருக்கிறது. மாத்திரை ஒரு வேலையைச் செய்தது, உளவியலாளரோடு உட்கார்ந்து பேசியது வேறொரு வேலையைச் செய்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்த காலத்தையும் கண்டிருக்கிறேன் என்பதால் இதைத் துணிந்து எழுதுகிறேன்.

எங்களுக்குக் கீழ்ப் பழனி மலைச் சரிவில் கொஞ்சம் காப்பி, அதற்குள் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, ஓரங்களில் மலைவாழை. வீட்டை ஒட்டி ஒரு துண்டு. ஏறிப் போனால் மேல்காடு என்று நாங்கள் சொல்லும் பெரிய துண்டு. காப்பி வேலை என்பது பாதி குனிவதும் பாதி சுமப்பதும்தான். களை, கவாத்து, பழம் பறிப்பு, பறித்ததைச் சாக்கில் கட்டிக் களத்துக்குக் கொண்டுவருவது. கடைசியில் காய்த்துளைப்பான் பூச்சி பெருகாமல் இருக்க, உதிர்ந்த பழத்தையெல்லாம் தரையிலிருந்து பொறுக்கி எடுப்பது. ஓர் ஐப்பசி மழையில் சரிவில் சறுக்கி, இடுப்பு கல்லில் மோத விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. அடிபட்ட இடம் ஆறிவிட்டது, வலி மட்டும் ஆறவில்லை. கொஞ்ச நாளில் வலது தொடையின் பின்புறமாக எரிச்சலும் இறங்க ஆரம்பித்தது.

எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். தவிட்டு ஒத்தடம், எண்ணெய்க் கட்டு, நீலகிரித் தைலம். தைலத்தைத் தேய்த்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். அந்த இதம் வெறும் நம்பிக்கை இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தொடுதலும் தேய்ப்பும் தண்டுவடத்துக்குள் வலிச் செய்தி மேலேறுவதைக் குறைக்கும் என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965இலேயே விளக்கியிருக்கிறார்கள். மூளையும் மேலிருந்து அந்தச் செய்தியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். இந்த இரண்டாவது செய்தியை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. "ஜவ்வு விலகிவிட்டது" என்று ஊர் முழுக்கப் பேச்சு. அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து நான் குனிவதையே விட்டுவிட்டேன். விலகிய ஜவ்வு இன்னும் விலகி, நரம்பு அறுந்து, கால் போய்விடும் என்று ஒரு படம் மனதில் ஒட்டிக்கொண்டது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்திருக்கிறது. நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு, வலியே இல்லாமல், வட்டுப் பிதுக்கம் இருந்திருக்கிறது. எண்பது வயதுக்காரர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு. அறிக்கையைக் கையில் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்வது மருத்துவர்களின் கடமை என்றே நினைக்கிறேன். தாளில் இருக்கும் நான்கு வரி ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிடும்.

வலி தாங்காத நாட்களில் டைக்ளோஃபெனாக். எங்கள் ஊர்களில் மருந்துக்கடையில் பெயரைச் சொல்லாமல் "அந்த வலி மாத்திரை" என்றாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நாள்பட எடுத்தால் வயிற்றில் புண் வரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படலாம். எனக்கு நெஞ்செரிச்சலும் ரத்த அழுத்தமும் வந்தன. மதுரையில் பார்த்த பொது மருத்துவர் முதலில் அதை நிறுத்தினார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தப்பியிருந்தது. "மூன்று மாதம் தாண்டிய வலியை நாங்கள் வேறு மாதிரிதான் பார்ப்போம்" என்று சொல்லி, வலி சிகிச்சைப் பிரிவுக்கும் மனநலப் பிரிவுக்கும் சேர்த்தே சீட்டு எழுதினார்.

மனநலப் பிரிவின் பெயரைப் பார்த்ததும் கண்ணீர் வந்துவிட்டது. நான் பொய் சொல்வதாக இவரும் நினைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். வலியை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 1979இல் எழுதிய வரையறையிலேயே வலி என்பது உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்று இருக்கிறது. 2020இல் அதைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறார்கள். "உங்கள் வலி நிஜம். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கையை நிறுத்தாமல் இருக்கிறது. அதை அடக்குவதற்கு மாத்திரையும் வேண்டும், பழக்கமும் வேண்டும்" என்றார். காட்டுமாடு தோட்டத்தைத் தாண்டிப் போய் வெகுநேரம் ஆன பிறகும் எங்கள் வீட்டு நாய் குரைத்துக்கொண்டே இருக்கும். எனக்கு உடனே அதுதான் நினைவுக்கு வந்தது, விஷயமும் புரிந்தது.

முதலில் வந்தது மாத்திரை. அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம், இரவு படுக்கப் போவதற்கு முன். அக்கா மகன் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "சித்தி, இது டிப்ரஷன் மாத்திரை" என்றான். மாமியார் அட்டையை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். "முதுகுக்குக் கேட்டால் மூளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் வேண்டாம்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பான எண்ணம் இல்லை, பயம்தான். இந்த மருந்து 1960களின் தொடக்கத்தில் மனச்சோர்வுக்காகத்தான் வந்தது. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்பார்கள். வலிக்கு 10, 25 என்று சிறிய அளவே போதும். செரோட்டோனின், நோர்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் மூளையில் மனநிலையைப் பார்த்துக்கொள்கின்றன. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் பாதையிலும் அவையே வேலை செய்கின்றன. அதனால்தான் ஒரே மாத்திரை இரண்டுக்கும் உதவுகிறது. இதை நான் அத்தையிடம் சொன்ன விதம் வேறு: "அத்தை, இது நரம்பைத் தூங்க வைக்கும் மாத்திரை." முழுக்கச் சரியில்லை என்றாலும் அட்டை மேல்தட்டிலிருந்து இறங்கி வந்தது.

தூக்கம் வந்தது. அதன் அருமை நெடுநாள் தூங்காமல் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். பத்துக்கு எட்டு என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வலி ஆறுக்கு இறங்கியது. ஆனால் அதோடு நின்றுவிட்டது. தூங்கி எழுந்து அதே திண்ணையில் அதே தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். மேல்காட்டுக்கு ஏறவில்லை, குனியவில்லை, குடம் தூக்கவில்லை. ஒரு பருவம் முழுக்க அப்படியே போனது. வலியின் அளவை மாத்திரை குறைத்தது. குனிந்தால் கால் போய்விடும் என்று என் தலைக்குள் இருந்ததை அதனால் தொட முடியவில்லை.

வெறும் பேச்சு மட்டும் இருந்த காலம் அதற்கும் முந்தையது. தெரிந்தவர் சொல்லி ஓர் ஆலோசகரிடம் சில முறை பேசியிருந்தேன். நல்லவர். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், எண்ணங்களை எழுதச் சொன்னார். விடியற்காலையில்தான் கண்ணை மூடுகிற ஒருத்திக்கு அவை எதுவும் மண்டையில் ஏறவில்லை. வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். பேச்சுச் சிகிச்சை என்பது உண்மையில் கற்றுக்கொள்ளும் வேலை. கற்பதற்குத் தூங்கிய மூளை வேண்டும். என் விஷயத்தில் மாத்திரை செய்த பெரிய உதவி அதுதான்.

மதுரையில் நான் பிறகு பார்த்த மருத்துவ உளவியலாளர் வயதில் என்னைவிடச் சின்னவர். பால்ய காலத்தைக் கிளறுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் கேட்டது, "நாளைக்கு வலி பாதியாகக் குறைந்துவிட்டால் முதலில் எங்கே போவீர்கள், அக்கா?" நான் யோசிக்காமல் "மேல்காட்டுக்கு" என்றேன். "தனியாக, யார் கையையும் பிடிக்காமல்" என்று சேர்த்தும் சொன்னேன். அதை அப்படியே தாளில் எழுதினார். அன்றிலிருந்து வலி எண்ணைவிட, மேல்காட்டுப் பாதையில் எவ்வளவு தூரம் ஏறினேன் என்பதே கணக்கு. முதல் முறை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: "வலி போக வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வலி உங்களிடமிருந்து எதைப் பறித்ததோ, அதன் பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் அவர்களால் திட்டம் போட முடிகிறது.

அவர் நடத்தியது எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றப் பார்க்கும், சி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை. அதில் எனக்கு அதிகம் பயன்பட்டது, வேலையை அளந்து செய்யும் முறை. முதலில் ஒரு நோட்டில், செய்த வேலை, எவ்வளவு நேரம், அப்போது மனதில் ஓடியது, பிறகு என்ன செய்தேன் என்று எழுதச் சொன்னார். சில வாரங்களில் படம் தெளிவானது. வலி குறைந்த நாளில் விட்டுப்போன வேலையெல்லாம் ஒரே மூச்சில் முடிப்பேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுக்கை. மறுபடி குறையும், மறுபடி பாய்வேன். பயிர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வேலை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அவர் சொன்ன கணக்கு இது: மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவு எவ்வளவு என்று பார். அதிலும் கொஞ்சம் குறைத்து அதிலிருந்து தொடங்கு. வலி வந்ததும் நிறுத்தாதே, நேரம் வந்ததும் நிறுத்து. நல்ல நாளிலும் அதே அளவு, கெட்ட நாளிலும் அதே அளவு. சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டு. கேட்க எளிது, பழம் பறிக்கும் இடத்தில் கைபேசி மணி அடித்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நடப்பது எளிதில்லை. செடியில் பழம் சிவந்து நிற்கும், கூலிக்கு வந்தவர்கள் பார்ப்பார்கள், "அம்மாவுக்கு அதற்குள் களைப்பா?" என்ற குரல் கேட்கும். நான் கூடையோடு நிற்பவர்களிடம் நேராகச் சொல்லிவிட்டேன்: "டாக்டர் சொன்ன நேரம் முடிந்தது. கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்." டாக்டர் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கும் மரியாதையைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை.

அடுத்தது பயம். குனிவதில் எனக்கு எது எவ்வளவு பயம் என்று வரிசைப்படுத்தினோம். கீழே விழுந்த துண்டை எடுப்பது அடியில். அதற்கு மேல் வாசல் பெருக்குவது. அரைக் குடம் தண்ணீர். பெரும்பாறை மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் உட்கார்ந்து வருவது. எல்லாவற்றுக்கும் மேலே, உதிர்ந்த காப்பிப் பழம் பொறுக்குவது. ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன், என்ன ஆகும் என்று நினைக்கிறேன் என்பதை எழுத வேண்டும். செய்த பிறகு, என்ன ஆனது என்பதை. "கால் மரத்துப்போகும்" என்று எழுதிவிட்டுத் துண்டை எடுத்தேன். இடுப்பு பிடித்தது, கால் மரக்கவில்லை. "இரவு தூங்க முடியாது" என்று எழுதிவிட்டு வாசல் பெருக்கினேன். தூங்கினேன். என் கையாலேயே எழுதிய இந்த இரண்டு பத்திகளும் சேரச் சேர, ஜவ்வு பற்றிய அந்தப் படம் மங்கியது. தைரியமாக இரு என்று ஆயிரம் பேர் சொல்லியும் நடக்காதது இது. நாள்பட்ட வலி உள்ளவரிடம் தயவுசெய்து "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். வாசல் பெருக்க வாய்ப்புக் கொடுங்கள்.

மாத்திரை இந்த இடத்தில் மறுபடி உதவிக்கு வந்தது. அமிட்ரிப்டிலினை 25க்கு உயர்த்தியதும் வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, காலையில் தலை கனமாக இருந்தது. சரிவில் வேலை செய்கிறவளுக்குத் தூக்கக் கலக்கம் ஆபத்து. இதை மருத்துவரிடம் சொன்னதும், அதே போல மனச்சோர்வுக்கும் வலிக்கும் கொடுக்கும் டுலோக்செடின் என்ற மருந்துக்கு மாற்றினார். முதலில் 30, பிறகு 60 மில்லிகிராம். ஆரம்பத்தில் குமட்டல் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்ததில் அடங்கியது. ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். வலி ஐந்துக்கும் நான்குக்கும் இடையே வந்தது. எரிச்சல் நன்றாகவே குறைந்தது. வலி அந்த அளவுக்கு இறங்கியபோதுதான் வரிசையின் மேல்படிகளை, அரைக் குடத்தையும் பஸ் பயணத்தையும், தொட முடிந்தது. இது என் உடம்புக்குப் பார்த்துக் கொடுத்த மருந்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லீரல் கோளாறு, கண் நீர் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, புரோஸ்டேட் வீக்கம் இருப்பவர்கள் இவற்றில் எதையும் தாங்களாகத் தொடக் கூடாது.

மருத்துவ உலகிலேயே இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் நாள்பட்ட எலும்புத் தசை வலிக்கு டுலோக்செடினை அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டியோ, உடற்பயிற்சியையும் சி.பி.டி. போன்ற சிகிச்சைகளையும் பரிந்துரைத்துவிட்டு, மனச்சோர்வு மருந்துகளை வழக்கமாக எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்கிறது. எனக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று மருத்துவரிடமே கேட்டேன். வலியோடு மனச்சோர்வும், காலில் இறங்கும் நரம்பு எரிச்சலும், தூக்கமின்மையும் சேர்ந்திருந்ததால் என்றார். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் பட்டது. நீங்களும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற மருத்துவரைவிடப் பதில் சொல்கிறவர் நல்லவர்.

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. கர்ட் குரோங்கே தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், இடுப்பு, மூட்டு வலியோடு மனச்சோர்வும் இருந்த 250 பேர் பங்கெடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு முதல் 12 வாரம் மனச்சோர்வு மருந்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார்கள்; அடுத்த 12 வாரத்தில் வலியைத் தாமே கையாளும் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகவும், வலி ஓரளவும் குறைந்தது. மாத்திரை முதலில், பேச்சு பிறகு. எனக்கு நடந்த அதே வரிசை. பேச்சுச் சிகிச்சையை மட்டும் எடுத்துப் பார்த்தால், பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு அதன் பலன் உண்மையானது, ஆனால் சிறியது என்கிறது. சிறியது என்று கேட்டு யாரும் தளர வேண்டாம். சிறியவை இரண்டு மூன்று சேர்ந்துதான் என்னை மேல்காட்டுக்கு ஏற்றின.

வீட்டாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். என் கணவர் அன்பானவர். நான் பாத்திரத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வார். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் "வலிக்கிறதா?" என்று கேட்பார். அத்தை பார்வையாலேயே கேட்பார். உளவியலாளர் இருவரையும் ஒருமுறை அழைத்து வரச் சொன்னார். யாரையும் குறை சொல்லாமல் இதைச் சொன்னார்: "வலிக்கிறதா என்று கேட்டால் அக்கா அந்த நேரம் வலியைத் தேடிப் பார்ப்பார். இன்று எதுவரை ஏறினாய் என்று கேளுங்கள்." திரும்பி வரும் பஸ்ஸிலேயே கணவர் இரண்டு முறை வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழக அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அத்தை வேகமாகப் பழகிவிட்டார். மறுவாரமே வாசலில் துடைப்பத்தை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு விஷயத்தில் உயிருக்கே ஆபத்து வந்திருக்கும். வலி ஏறிய ஒரு நாள் வேறோர் இடத்தில் வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். என்னென்ன மாத்திரை எடுக்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை, டிரமடால் என்ற வலி மாத்திரையை எழுதிவிட்டார். டுலோக்செடினோடு டிரமடால் சேர்ந்தால் செரோட்டோனின் உடலில் மிகையாகி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று நிலைமை கையை மீறிப் போகலாம், வலிப்பும் வரலாம். டிரமடால் பழக்கமாகிவிடும் மருந்தும்கூட. 2018இலிருந்து அது நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாத்திரையை வாயில் போடுவதற்கு முன் மதுரைக்குப் போன் செய்து கேட்டதால் தப்பித்தேன். அன்றிலிருந்து ஒரே நோட்டு. இடப்பக்கம் எல்லா மருந்தும், கஷாயமும் லேகியமும் உட்பட. வலப்பக்கம் வேலையும் எண்ணங்களும். எந்த மருத்துவர் முன்னால் உட்கார்ந்தாலும் நோட்டை மேசையில் திறந்து வைக்கிறேன். மாத்திரை கொடுப்பவரும் பேச்சு நடத்துபவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள நேரமில்லாத இடங்களில் நோட்டுதான் அவர்களைப் பேச வைக்கிறது.

வலி மறுபடி ஏறும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதபடி முன்னேற்பாடு செய்துவைப்பதும் சிகிச்சையின் பாகம். என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: வேலையைப் பாதியாக்கு, நிறுத்திவிடாதே, படுக்கை பகலில் வேண்டாம், வெந்நீர் ஒத்தடம், மெதுவான மூச்சு, மாத்திரை அளவைத் தானாகக் கூட்டாதே, மூன்றாம் நாள் பார்த்து முடிவு செய். நிதானமாக இருக்கும் நாளில் எழுதிய தாள்தான் தவிக்கும் நாளில் உதவுகிறது. கார்த்திகை, மார்கழியில் மழையும் குளிரும் பழம் பறிப்பும் ஒன்றாக வரும்போது அந்தத் தாளை அடிக்கடி பார்ப்பேன். நடைப்பயிற்சியை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்கிறேன். விடியலிலும் அந்தியிலும் காட்டுமாடு பாதையில் நிற்கும். பயந்து ஓடினால் முதுகு என்னாவது?

மாத்திரையைக் குறைப்பது பற்றி: நன்றாகிவிட்டது என்று திடீரென்று நிறுத்துகிறவர்கள் உண்டு. எங்கள் உறவில் ஒருவர் அப்படி நிறுத்தி, தலைசுற்றலும் உடம்பில் மின்சாரம் பாய்கிற உணர்வுமாகத் துடித்துப்போனார். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், மருத்துவர் சொல்லித்தான். நாங்கள் மூவரும், அதாவது மருத்துவரும் உளவியலாளரும் நானும், பேசி எடுத்த முடிவு: பறிப்புக் காலத்திலும் அடைமழையிலும் அளவைத் தொடுவதில்லை. மிளகு இறங்கி, காப்பி பூக்கும் பங்குனி, சித்திரையில் வேலை குறைவு. அப்போது 60இலிருந்து 30க்கு. பேச்சில் கற்றதை மாத்திரையின் துணை குறைந்த பிறகும் செய்ய முடிகிறதா என்று அப்போது தெரியும்.

மலையிலிருந்து மதுரை போய்வருவதே ஒரு நாள் வேலை. அதனால் முதல் சில அமர்வுகளை நேரிலும் பிறகு ஒன்றுவிட்டு ஒன்றைப் போனிலும் வைத்துக்கொண்டோம். தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் மருத்துவர்கள் போனில் பார்ப்பதற்கு இடம் கொடுக்கின்றன. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது; காப்பி உலர்த்தும் களத்தில் நின்றால் கிடைக்கும். அங்கே யாரும் ஒட்டுக்கேட்கவும் முடியாது என்பது கூடுதல் வசதி. பணத்துக்கு வழியில்லாதவர்கள் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் வருவார் என்று விசாரியுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416இல் இரவு பகலாகத் தமிழில் பேசலாம். அது வலிக்கான தொடர் சிகிச்சை ஆகாது, ஆனால் வலியால் உயிரே வேண்டாம் என்று தோன்றும் இரவில் எடுக்க வேண்டிய முதல் எண் அதுதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயர் கொடுத்து வைக்கலாம்.

பேச்சு, மாத்திரை என்று காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவது அல்லது அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கில் உணர்வற்றுப் போவது, கால் வலுவிழந்து இழுப்பது, முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது. இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனை.

பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் கழுத்துவலியோடு நெடுநாளாகத் தவிக்கிறார். அடுத்த முறை நான் மதுரை போகும்போது கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய சீட்டுகள், ஸ்கேன் அறிக்கை, கடையில் வாங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டுக்காரரையும் அழைத்து வரச் சொன்னேன். முதல் நாளே எதற்கு அவர் என்று கேட்டார். முதல் நாள்தான் வேண்டும் என்றேன்.